பெட்டியில் ஒரு மோதிரம் கூடுதல்

ஸர்க்கா,
திங்கட்கிழமை மாலை.

மதிப்பிலும் வயதிலும் எடையிலும் என்னைவிடப் பெரியவரான மச்சான் ஃபவ்வாஸ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ருவைதாவின் கணவனும், வான்படையின் ஆயுதப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனுமாகிய ஹாயில் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், தங்கள் தங்கை, பிள்ளைகள், மாடியிலுள்ள புதினாத் தொட்டி எல்லோரும் இறைவன் அருளால் சுகம். அங்கு தாங்கள், அண்ணி, தங்கள் இடது முழங்கால் ஆகியோரின் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோனில் நான் எதைச் சொன்னாலும் ருவைதா சமையலறையிலிருந்து திருத்தம் சொல்வாள். அதனால்தான் புதன்கிழமை அங்கே திரும்பும் உங்கள் பக்கத்து அறைக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான். வளைகுடாவில் உங்கள் கம்பெனியில் வியாழக்கிழமை வரை எனக்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்களே ஓர் இடம், அதில் என் பெயரை எழுதிவிடுங்கள். இரண்டு வருடம்தானே. அந்த நாட்டு விமானங்களுக்கும் இறக்கை இரண்டுதான், நான் ஆயுதம் மாட்டிவிட்டுப் போகிறேன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அன்று, இனி உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டேன் என்று ருவைதாவிடம் சொன்னவன் நான்தான், மறக்கவில்லை. அவளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. வெளியுலகத்தில் எனக்குப் பிழைக்கத் தெரியவில்லை மச்சான், அதற்கு மேல் என்ன சொல்ல. எப்படித் தெரியவில்லை என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறேன், படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள், சிரித்தாலும் அண்ணிக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

எனக்குத் தெரிந்த உலகம் ஒரு விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவிலிருக்கும் அந்த நாலரை அடிதான். அங்கே குனிந்தபடியே எனக்கு நரை வந்தது. மூன்று பேர் ஒரு குழு. ஒருவன் பட்டியலை வாசிப்பான், ஒருவன் குண்டைத் தூக்கும் வண்டியை ஓட்டுவான், நான் கை வைத்து மாட்டுவேன், சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் எல்லாம் கைச்சாடை. அஸ்ரக் பாலைவனத்தில் விடிகிற நேரம் முப்பது பேர் தோளோடு தோள் சேர்ந்து ஓடுதளத்தில் வரிசையாக நடப்போம். ஒரு கல்லோ ஆணியோ பொத்தானோ கிடந்தால் எஞ்சின் உறிஞ்சிவிடும், அதனால் தரையைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டே போவோம். யாரும் பேச மாட்டோம். வானம் முதலில் சாம்பலாகி, பிறகு பாலாகி, பிறகு ஒரு ஓரத்தில் மாதுளைச் சாறு சிந்தியது மாதிரி ஆகும், ஆனால் நிமிர்ந்து பார்க்க அனுமதி கிடையாது, எங்கள் பூட்ஸின் மேல் விழுகிற நிறத்தை வைத்துத்தான் விடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். அந்த நடை இன்னும் என் காலை விட்டுப் போகவில்லை. காய்கறி வாங்கப் போய்த் திரும்பினால் பையில் தக்காளியைவிட ஆணி அதிகமாக இருக்கிறது என்று ருவைதா திட்டுகிறாள்.

சாயங்காலம் விமானங்கள் திரும்பி வரும். காலையில் நான் மாட்டியதெல்லாம் மாட்டியபடியே இருக்கிறதா என்று தூரத்திலேயே இறக்கைக்கு அடியில் தேடுவேன். இருந்தால் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம், அன்றைய தேநீர் இனிக்கும். இருபத்திரண்டு வருடமும் என் பிரார்த்தனை அது ஒன்றுதான், போனது போனபடியே திரும்பி வரட்டும் என்று. இப்போது எண்ண விமானம் இல்லாததால் எதிர்மாடிக் கிழவரின் புறாக்களை எண்ணுகிறேன். அந்தியில் அவை ஊருக்கு மேல் சுற்றிச் சுற்றி, வெயில் பட்டால் வெள்ளையாகவும் படாவிட்டால் ஒன்றுமில்லாமலும் ஆகின்றன, பார்த்துக்கொண்டே இருந்தால் நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் லேசாக எழும்புகிறது. முப்பத்தொன்று போகும், முப்பத்தொன்று வரும். ஒருநாள் முப்பத்திரண்டு வந்தது. உடனே போய்க் கிழவரிடம் அறிக்கை கொடுத்தேன். அவர் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, அடுத்த தெருக்காரன் புறா தானாக வந்ததை ஊருக்கே சொல்வாயா என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து என் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை.

வேலை தேடிப் போன கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கும் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்ன தெரியும் என்று கேட்டாள். விமானத்தில் குண்டு மாட்டத் தெரியும், கழற்றவும் தெரியும் என்றேன். பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, 'கனமான பொருள்களைப் பதற்றமில்லாமல் கையாள்பவர்' என்று எழுதி, சமையல் எரிவாயு விற்கும் லாரிக்கு அனுப்பிவைத்தாள். உங்களுக்குத்தான் தெரியுமே, தெருத்தெருவாக அந்த ஒரே பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு போகுமே அந்த லாரி. மற்றவர்கள் சிலிண்டரை உருட்டித் தள்ளுகிறார்கள் மச்சான். நான் முதலில் வாங்குபவரின் வீட்டைக் காலி செய்வேன். பிள்ளைகள் வெளியே, பெரியவர்கள் இருபது அடி தள்ளி. பிறகு டிரைவர் பட்டியலை வாசிக்க வேண்டும், இரண்டு பேராகத் தூக்க வேண்டும், மூடியில், விமானத்துக் குண்டுக்குக் கட்டுவது போல, ஒரு சிவப்பு நாடா கட்டி, இணைப்பு கொடுத்த பிறகு அதை அவிழ்த்து, வீட்டுக்காரர் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் நாள் ஒரே தெருவில் நான்கு மணி நேரம் நின்றோம். லாரியை நிறுத்தினாலும் மெட்டு நிற்காது, அது அந்த லாரியின் கோளாறு, என் கோளாறு அல்ல. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் தெருவே திரண்டு வந்து, பணம் தருகிறோம், சிலிண்டரும் வேண்டாம், போய்விடுங்கள் என்று கெஞ்சியது. எட்டாம் நாள் டிரைவரே என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அந்த மெட்டைப் போட்டபடியே போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் அபூ கஸ்வானின் விருந்துச் சமையல் கூடத்தில் சேர்ந்தேன். கல்யாணம், துக்கம் எதுவானாலும் நானூறு ஐந்நூறு பேருக்கு மன்சஃப் சமைத்துக் கொடுப்பவர். ஆட்டிறைச்சி, சோறு, காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்துக் காய்ச்சிய குழம்பு, இந்த மூன்றையும் தவிர உலகத்தில் எதையும் மதிக்காத மனிதர். எனக்கு அண்டா தூக்கும் வேலை. ஒரு மாதம் பார்க்கிறேன், அப்புறம் நிரந்தரம் என்றார். ருவைதா அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி காயப்போட்டாள், அதைக் கேட்டபோது எனக்கே இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். ஒரு வீட்டுக்காரர் ஆள் வருவார்கள் என்று நம்பி பத்துப் பேர் சுற்றி நின்று அள்ளும் பெரிய தட்டு இருபது கேட்டிருந்தார், மழையில் யாரும் வரவில்லை, ஏழு தட்டு அள்ளாமல் அப்படியே திரும்பின. வண்டியிலிருந்து அவை முழுசாக இறங்குவதைப் பார்த்ததும் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. பழக்கதோஷம் மச்சான். ஒவ்வொரு தட்டாகத் தொட்டு, அல்ஹம்துலில்லாஹ், போனது போனபடியே வந்துவிட்டது என்று சத்தமாகச் சொன்னேன். வான்படைக்காரன் என்பதால் என்னைக் கேப்டன் என்றே கூப்பிடும் அபூ கஸ்வான் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கேப்டன், இங்க வா. தட்டு நிறைஞ்சு திரும்புனா சமையல்காரன் செத்துட்டான்னு அர்த்தம். எனக்கு இழவு விழுந்திருக்கு, நீ நன்றி சொல்லிட்டு நிக்கிற."

அன்று இரவு ஒரு கனவு. ஓடுதளம் முழுக்க வெள்ளைச் சோறு பரப்பியிருக்கிறது. விமானங்கள் சத்தமே இல்லாமல் வந்து இறங்குகின்றன, ஒவ்வொன்றின் இறக்கைக்கு அடியிலும் ஆவி பறக்கிற ஒரு தட்டு. நான் சிவப்பு நாடாவை உருவி உருவி வழியனுப்புகிறேன். அவை மேகத்துக்குள் போய் வெறுந்தட்டாகத் திரும்புகின்றன, மேலே யாரோ வயிறாரச் சாப்பிடுகிறார்கள், யார் என்று மட்டும் தெரியவில்லை. விழித்த பிறகும் வெகுநேரம் சந்தோஷமாக இருந்தது.

இனி மோதிர விவகாரம். எங்கள் பிரிவில் யாரும் மோதிரம் போடக் கூடாது. எங்கள் குழுவில் துர்க்கி என்று ஒருவன் இருந்தான், வண்டியிலிருந்து குதிக்கும்போது மோதிரம் கொக்கியில் மாட்டிக்கொண்டது. அவன் கீழே வந்தான், விரல் மேலேயே இருந்துவிட்டது. அதனால் எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு நாள் விடுமுறை முடிந்ததும், ருவைதா போட்ட வெள்ளி மோதிரத்தைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டேன். இருபது வருடமாக அது ஏலக்காய் டின்னில் கிடக்கிறது. ஓய்வு பெற்ற அன்றைக்கு எடுத்து நீட்டினாள். கைவேலைக்குத்தானே போகப்போகிறேன், அங்கேயே இருக்கட்டும் என்றேன். அவள் டின்னை மூடினாள்.

அபூ கஸ்வானின் அண்டாக்களும் கொக்கியில்தான் தொங்குகின்றன. என் கண்முன்னால் இன்னொரு விரல் போகவிட மாட்டேன் என்று ஒரு பெட்டி செய்தேன். அடியில் பஞ்சு மெத்தை, அதில் ஒவ்வொரு கரண்டிக்கும் கத்திக்கும் அதனதன் உருவத்தில் வெட்டிய குழி, ஓரத்தில் மோதிரங்களுக்கு வட்டக் குழிகள். வேலை தொடங்குமுன் எல்லோரும் மோதிரத்தைக் கழற்றிப் போட வேண்டும், முடிந்ததும் பட்டியலோடு ஒப்பிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கூடினாலும் குறைந்தாலும், காரணம் தெரிகிறவரை எவனும் எதையும் தொடக் கூடாது, ஓடுதளத்தில் அதுதான் சட்டம். ஒரு திருப்புளி காணவில்லை என்று பன்னிரண்டு விமானங்களைத் தரையில் நிறுத்தியிருக்கிறோம். பையன்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் எல்லோரும் அப்படியே கையை எடுத்துவிடுவார்கள். இதை நான் பெருமையாக எழுதவில்லை, பின்னால் வருவதற்காக எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் தெருவிலேயே அபூ ராக்கான் வீட்டுக் கல்யாணம். ருவைதாவும் பெண்கள் கூடாரத்துக்கு வந்திருந்தாள். மத்தியானம் என் ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுவந்து சமையல் பந்தலில் கொடுத்துவிட்டு, பெட்டியையும் அதில் வரிசையாக மினுங்குகிற மோதிரங்களையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அண்டாவுக்கு அடியில் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தாள். அந்தி சாய்ந்தது, கூடாரத்து விளக்குகள் எரிந்தன, நானூறு பேர் பசியோடு உட்கார்ந்தார்கள், தட்டில் சோறு ஏறியது, இறைச்சி ஏறியது, குழம்பை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் நான் கடைசி எண்ணிக்கை எடுத்தேன். பட்டியலில் ஒன்பது மோதிரம், பெட்டியில் பத்து.

மறுபடி எண்ணினேன், பத்து. குறைந்தாலாவது தேடலாம், கூடினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அப்புறம் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. யாரோ ஒருவன் பட்டியலில் பெயர் இல்லாமல் அண்டா வரை வந்திருக்கிறான், மோதிரத்தைப் போட்டவன் வேறு எதை எங்கே போட்டானோ என்று நினைத்ததும் கை தானாக மேலே போய்க் குறுக்கே நின்றுவிட்டது. பையன்கள் அத்தனை பேரும் கையை எடுத்தார்கள். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் எடுத்தார்கள். அந்தக் குழம்பு ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே இருந்தால்தான் குழம்பு, நிறுத்தினால் திரிந்துவிடும். பாட்டுக்காரனின் ஒலிபெருக்கியை வாங்கி, ஒரு பழைய வெள்ளி மோதிரம் கிடைத்திருக்கிறது, உரியவர் உடனே வரவும் என்று ஆண்கள் கூடாரத்துக்கும் பெண்கள் கூடாரத்துக்கும் கேட்கும்படி மூன்று முறை அறிவித்தேன். ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளை தன் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாற்பது நிமிடம் ஆனது. அபூ ராக்கான் எழுந்து வந்து, மிகவும் மெல்லிய குரலில் பேசினார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் வாசல்ல ஒருத்தர் பசியோட காத்திருந்தார்னு எங்க வம்சத்துல இதுவரைக்கும் பேச்சு வந்ததில்ல. கொஞ்சம் நகருப்பா."

நகர்ந்தேன். குழம்பு திரிந்து, தண்ணீர் வேறு தயிர் வேறாக நின்றது. விருந்தாளிகள் மரியாதைக்காரர்கள், அதையும் சாப்பிட்டார்கள். அபூ கஸ்வான் அந்தப் பத்தாவது மோதிரத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

"முப்பது வருஷத்துல என் குழம்பு திரிஞ்சதில்ல. இப்போ பெட்டியில ஒன்பதுதான் இருக்கு, உன் கணக்கு சரியாப்போச்சு. வீட்டுக்குப் போ, கேப்டன்."

இதுதான் மச்சான் நடந்தது. மூன்று மாதத்தில் இரண்டு வேலை போய்விட்டது. தெருவில் தலை காட்ட முடியவில்லை. இரண்டு நாளாக ருவைதா என்னிடம் பேசவில்லை, தேநீர் மட்டும் வருகிறது, சர்க்கரை இல்லாமல். அவள் பேசாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எண்ணிக்கை தப்பினால் விமானத்தை நிறுத்தலாம், இதை எங்கே நிறுத்துவது. என்னை மாதிரி ஆளை விமானத்துக்கு அடியிலேயே விட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது. அதனால் தயவுசெய்து என் பெயரை எழுதுங்கள். அந்த மோதிரத்தை ஓர் உறையில் போட்டு 'உரியவர் தெரியவில்லை' என்று மேலே எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். புறப்படுவதற்குள் உரியவரிடம் சேர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அது பற்றித் தங்கள் மேலான ஆலோசனை தேவை.

அண்ணிக்கு சலாம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். இறைவன் தங்களுக்குப் பரக்கத்தும், நல்ல நண்பர்களும், திரியாத குழம்பும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் கண்டிப்பான கட்டளைக்குக் காத்திருக்கும்,
ஹாயில்.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதிய எதையும் நம்பாதீர்கள். உறை ஒட்டப் பசை தேடி எழுந்து போன நேரத்தில் ருவைதா தேநீரோடு வந்து கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். திரும்பி வந்தால், என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வளைகுடாவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். மோதிர உறையைக் காட்டினாள்.

"இத உள்பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை, எண்ணத்தான் எண்ணினேன் என்றேன். பிரித்து விளக்கில் காட்டினாள். உள்ளே எங்கள் இருவர் பெயரும், இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியும் இருந்தன.

"மத்தவங்க மோதிரமெல்லாம் வரிசையா இருந்துச்சு. உங்களோடது மட்டும் டின்னுல கிடக்குதேன்னு ஓடிப்போய் எடுத்துட்டு வந்து வெச்சேன். எல்லாரும் எடுத்துப் போட்டுக்கும்போது நீங்களும் போட்டுக்குவீங்கன்னு நெனச்சேன். நீங்க மைக்கைப் பிடிச்சு இது யாரோடதுன்னு கேட்டீங்க. நானூறு பேருக்கு நடுவுல, என் புருஷனுக்கு அவரு மோதிரமே தெரியலன்னு எந்த வாயால சொல்றது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பிறகு, காரணம் தெரிந்துவிட்டால் அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் அபூ கஸ்வானுக்கு ஃபோன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஃபோன் கைமாறி, அவர் மனைவி கொஞ்சம் சிரித்துவிட்டு, மறுபடி அவரிடமே வந்தது. வெள்ளிக்கிழமை வா, அந்தப் பெட்டியை மட்டும் கொண்டுவராதே என்றார். உடனே, சரி, பெட்டியையும் எடுத்துவா, இன்றைக்கு இரண்டு கரண்டி காணோம் என்றார். மோதிரம் போட்டுக்கொண்டால் உன் சட்டப்படி நீ அண்டா பக்கமே வரக் கூடாது, வாசலில் நின்று திரும்பி வரும் வெறுந்தட்டுகளை எண்ணு, வெறுமையாக வந்தால் மட்டும் நன்றி சொல் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதும் சரிதான், ருவைதா அதற்குள் மோதிரத்தை என் விரலில் ஏற்றிவிட்டாள். இருபது வருடத்தில் விரல் பருத்துவிட்டது, கணுவைத் தாண்டும்போது உயிர் போனது, இப்போது அது கழலவில்லை. மோதிரத்தோடு யாரும் விமானத்தை நெருங்கக் கூடாது, அது எந்த நாட்டுத் தளத்திலும் சட்டம். ஆகவே நான் தகுதி இழந்துவிட்டேன், என் பெயரை அடித்துவிடவும்.

எதற்கும் சோப்புப் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டேன். வீட்டில் சோப்பே இல்லை என்கிறாள் ருவைதா. சோப்புக் கட்டி அவள் கையில் இருக்கிறது.